தும்பறைப் பாயும் கலாயோகி ஆனந்த குமாரசுவாமியும்

கண்டி நகருக்குக் கிழக்கே தும்பறைப் பகுதியில், ஹேனவல முதலாய சிற்றூர்களில் நெய்யப்படும் பாய் ஈழத்துக் கைப்பணிகளுள் தனிச் சிறப்பு வாய்ந்தது. ஹண என்னும் செடியின் நீண்ட மடல்களைச் சீவி நாரெடுத்து, கழுவிச் சாயந் தோய்த்து, தரையோடு தாழ்ந்த தறியில் நெய்வது பண்டை முறை. செம்மைக்குப் பதங்கக் கட்டையும், மஞ்சளுக்கு மரமஞ்சளும், கருமைக்குக் கடுக்காயும் பயன்பட்டன. பறவையும் பாம்பும் பூவும் மரமும் கோடுகளும் கோணங்களுமாய் அதில் உருப்பெறும்.

இதனை நெய்வோர் கின்னரர் எனப்படும் சிறு குழுவினர். அரண்மனைக்கும் பெருங்குடியினருக்கும் பாய் நெய்தளித்த இவர்களே கண்டியரசிற் சாதியடுக்கின் அடித்தட்டில் வைக்கப்பட்டனர். இவர்தம் தொழில் நல்ல பாய் செய்தலென்றும், இவர்தம் ஆடவர் தலையில் யாதும் அணிதலாகாதென்றும் றொபேட் நொக்ஸ் 1681இல் வெளிவந்த தம் நூலிற் குறித்துள்ளார். பாய்க்குக் கிடைத்த மதிப்பு அதனைச் செய்தவனுக்குக் கிடைத்திலது.

இத்தகைய கைப்பணிகளின் அருமையை உலகறியச் செய்தவர் ஆனந்த குமாரசுவாமி ஆவர். 1877இற் கொழும்பிற் பிறந்த இவர், கனிப்பொருளாய்வுப் பகுதியின் தலைவராய் ஈழத்துச் சிற்றூர்கள் பலவற்றுக்குஞ் சென்றவர். இடைக்காலச் சிங்களக் கலை பற்றி 1908இல் இவர் வெளியிட்ட பெருநூல், கலைப்பொருளை மட்டுமன்றி அதனைச் செய்வோரின் வாழ்வையும் ஆராய்ந்தது. அரசின் ஆதரவு அற்றமையும் வாணிக நோக்குப் பெருகியமையுமே கைப்பணியின் வீழ்ச்சிக்குக் காரணங்களென அவர் கண்டார். இது மறுத்தற்கரியது.

ஆயின், 1909இல் வெளியிட்ட இந்தியக் கைவினைஞர் பற்றிய நூலில், பிறப்பு வழிவரும் தொழிலமைப்பே கலையைக் காக்கும் அரணென அவர் போற்றுகின்றார். தந்தையிடமிருந்து மகன் சிறுவயதிலேயே தொழிலைக் கற்றலாற் கைத்திறன் முதிரும் என்பது உண்மையே. எனினும், திறனைக் காத்த அவ்வேலியே மனிதனைச் சிறைப்படுத்திய வேலியுமாம். தச்சனுக்கும் தட்டானுக்கும் பெருமையாய் அமைந்த பரம்பரை, கின்னரனுக்கு இழிவாய் அமைந்தது. கலையின் ஒருமைப்பாட்டை நாடிய கலாயோகியின் பார்வை இவ்வேறுபாட்டுக்கு உரிய எடை அளித்திலது. அவர் கொள்கையிற் காணப்படும் பெருங்குறை இதுவே என்க.

இக்குறை இன்றைய மறுமலர்ச்சி முயற்சியையும் தொடர்கின்றது. 2021இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் தும்பறைப் பாய் நெய்யும் கைத்திறனை மனித குலத்தின் அருவமான பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. கொழும்பிலுள்ள கைப்பணிக் கடைகளில் இப்பாய் சுவரணியாகவும் மெத்தையுறையாகவும் விற்கப்படுகின்றது. ஹணச் செடி அருகியமையாற் பருத்தி நூலும் தறியேறியுள்ளது. இளைஞர் தறியை விட்டகல்வது குறித்து வருந்துவோர் பலர். அவ்வருத்தம் நியாயமே, ஆயினும், தொழிலோடு சாதிப்பெயரும் ஒட்டி வருமாயின், அதனை விட்டு விலகும் இளைஞனைக் கலையுணர்வு அற்றவனெனப் பழித்தல் முறையன்று. அவன் வெறுப்பது நெசவையன்று, நெசவோடு நெய்யப்பட்ட இழிவையே.

இது சிங்களச் சமுதாயத்துக்கு மட்டும் உரிய குறையெனத் தமிழர் எண்ணுதல் தகாது. சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இல் நிறைவேறிய பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் ஆலயத்தில் நுழைவுரிமைக்காகப் போராட வேண்டியிருந்தது. கோயிலுக்குப் பறை முழக்கியோரையும் ஆடை வெளுத்தோரையும் அக்கோயிலின் வாயிலில் நிறுத்திய சமுதாயம், பிறர் குறை கூறுமுன் தன் முகத்தைக் கண்ணாடியிற் காணல் வேண்டும்.

ஆகவே, மறுமலர்ச்சி என்பது பழைய கோலத்தைப் புதிய நூலில் நெய்தல் மாத்திரமன்று. விரும்பிய எவரும் கற்கத்தக்க கல்வியாகத் தறித்தொழில் அமைதல் வேண்டும். உழைப்புக்கேற்ற ஊதியம் தறியடியைச் சென்று சேர்தல் வேண்டும். குமாரசுவாமி கலையை மீட்க வழிகாட்டினார். கலைஞனை மீட்கும் பணி பின்வந்தோர்க்கு எஞ்சியுள்ளது. சுவரிலே தொங்கும் பாயைப் புகழும் வீட்டில், அதனை நெய்தவன் சமமாய் அமர்ந்து உண்ணும் நாளிலேயே அம்மறுமலர்ச்சி நிறைவெய்தும்.