தோட்டப் பெண்டிரும் ஆவணங்களும்

மலாயா இந்தியரைப் பற்றிய ஆராய்ச்சி நூல்கள் என்றவுடன் இரண்டு நூல்கள் நினைவுக்கு வரும். ஒன்று 1969இல் வெளிவந்த கெர்னியல் சிங் சந்து அவர்களின் நூல். மற்றொன்று 1970இல் வெளிவந்த சின்னப்பா அரசரத்தினம் அவர்களின் நூல். ஆள்தொகை, கூலிக் கணக்கு, கங்காணி முறையின் தோற்றமும் முடிவும் ஆகியவற்றை அவற்றிற் காணலாம். பெண்ணோ பெரும்பாலும் அட்டவணையில் ஒரு நிரலாகவே நிற்கிறாள். அவளையே பொருளாகக் கொண்டு எழுந்தது அருணிமா தத்தா அவர்களின் ஆங்கில நூல். 'ஃப்ளீட்டிங் ஏஜென்சீஸ்' என்னும் பெயருடன் 2021இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் அதனை வெளியிட்டது. 'கணநேரச் செயலுரிமைகள்' என்று தலைப்பைத் தமிழாக்கலாம். தன் வாழ்வின் போக்கைத் தானே சற்றேனும் திருப்பவல்ல ஆற்றலே ஈண்டுச் செயலுரிமை எனப்படுகிறது.

நூலின் முதற்சிறப்பு, தோட்டப் பெண்ணைத் தொழிலாளியாகக் காண்பது. ஆட்சியாளரின் அறிக்கைகள் அவளை ஆடவனைச் சார்ந்து வந்தவள் என்றே குறித்தன. ஆயினும் விடியுமுன் பெரட்டுக்கு நின்றவள் அவள். பால் வெட்டியவளும் புல் வெட்டியவளும் அவளே. பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுச் சென்று ஆணுக்கு நிகராக உழைத்தாள். கூலியில் மட்டும் நிகர் இல்லை. 1920களின் இறுதியில் வகுக்கப்பெற்ற தரக்கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. வீட்டு வேலைக்குக் கணக்கே இல்லை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

அடுத்து, நீதிமன்ற வழக்குகளைப் பற்றிய பகுதி. நூலின் உயிர்நிலை இதுவே எனலாம். மணமான பெண்ணை மயக்கிக் கொண்டுசெல்வது குற்றம் என்னும் விதி, இந்தியத் தண்டனைச் சட்டத்தை ஒட்டி மலாயாவிலும் 498ஆம் பிரிவாக வழங்கியது. அதன் அமைப்பை நோக்குக. முறையிடுபவன் கணவன், குற்றவாளி வேறோர் ஆடவன், பெண்ணோ கொண்டுசெல்லப்பட்ட பொருள். அவள் விரும்பியே சென்றாள் என்பதும் குற்றத்தைப் போக்காது. 'மயக்கப்பட்டாள்' என்று ஏடு கூறும் இடத்தில், அடியும் உதையும் பொறாமல் தானே வெளியேறிய பெண்ணை நூலாசிரியர் அடையாளம் காண்கிறார். இது நுண்ணிய வாசிப்பு. சிலப்பதிகாரத்து வழக்குரை காதையைப் பயிற்றும் ஆசிரியர்க்கு இதன் கசப்பு எளிதில் விளங்கும். பாண்டியன் அவையில் கண்ணகி தானே வழக்குரைத்தாள். தோட்டத்துப் பெண்ணுக்கோ இவ்வழக்கில் முறையிடும் உரிமையும் இல்லை. இவ்விதி பழங்கதை என்றும் எண்ணற்க. 2023 டிசம்பரிலேதான் மலேசியக் கூட்டரசு நீதிமன்றம், பால் வேற்றுமை பாராட்டுகிறது என்று கூறி, இப்பிரிவு அரசியலமைப்புக்கு ஒவ்வாதது எனத் தீர்ப்பளித்தது.

இத்துணைச் சிறப்பும் உடைய நூலின் தலைப்பிலேதான் நமது ஐயம் எழுகிறது. 'கணநேரம்' என்பது அப்பெண்ணின் வாழ்வுக்கு உரிய பண்பா, அவளைக் காட்டும் ஏட்டுக்கு உரிய பண்பா? நீதிமன்றப் பதிவு அவளை ஒரு நாள் காண்கிறது. ஆங்கிலச் செய்தித்தாள் அவளுக்கு நான்கு வரி தருகிறது. வெட்டு, குத்து, ஓட்டம் இருந்தால் பத்து வரி. வெள்ளைத் துரைமார் காலையில் படித்த அத்தாளுக்கு, தமிழன் முரடன், தமிழச்சி ஒழுக்கமிலாள் என்னும் முடிவு முன்னரே இருந்தது. மறுநாள் அவள் ஏட்டிலிருந்து மறைகிறாள், தோட்டத்திலிருந்தா மறைந்தாள்? அடுத்த முப்பது ஆண்டும் அவள் பால் வெட்டியிருக்கலாம். மாரியம்மன் திருவிழாவில் கூழ் காய்ச்சியிருக்கலாம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பக் கணவனோடு மல்லுக்கு நின்றிருக்கலாம். மின்னல் வெளிச்சத்தில் கண்ட மரத்தை, மின்னல் நேரமே நின்ற மரம் என்று கூறுவது பொருந்துமா? கிடைத்த சான்றைக் கொண்டே ஆராய்ச்சியாளர் பேச இயலும் என்பது மெய். ஆனால் சான்றின் குறுமையை வாழ்வின் குறுமையாகப் பெயரிடுதல் ஆகாது.

ஜான்சி ராணிப் படையைப் பற்றிய பகுதியிலும் இவ்வேறுபாடு தோன்றுகிறது. 1943இல் அமைந்த அப்படையில் தோட்டத்துப் பெண்கள் பெருந்தொகையினர். அவருட் பலர் நாட்டுப்பற்றால் மட்டுமன்றி, பசியிலிருந்தும் தோட்டத்து இழிவிலிருந்தும் விடுதலை நாடிச் சேர்ந்தனர் என்னும் கருத்து ஏற்கத்தக்கது. எனினும் நாம் பெயர் சொல்லக் கூடியவர் யார்? தலைவி இலட்சுமி, ஈப்போவிற் பிறந்த இராசம்மா பூபாலன் போன்ற படித்த குடும்பத்துப் பெண்களே. அவர்கள் எழுதினார்கள், நேர்காணல் தந்தார்கள். மற்றவர் திரும்பிப் பால் வாளியை எடுத்தார்கள்.

ஆகவே வேறு சான்று வேண்டும். 1924இல் தோன்றிய தமிழ் நேசன், 1935இல் தோன்றிய தமிழ் முரசு ஆகியவற்றின் பழைய இதழ்களை ஆங்கிலத் தாள்களோடு வைத்து ஒப்பிட வேண்டும். அவற்றை நடத்தியவரும் ஆடவரே என்பதை மறத்தல் கூடாது. பெண்ணுக்குக் கற்பு போதிப்பதில் துரையினும் நம்மவர் முந்தியிருக்கக்கூடும். பேராக்கைச் சேர்ந்த முத்தம்மாள் பழனிசாமி அவர்களின் 'நாடு விட்டு நாடு' போன்ற தன்வரலாறு ஒரு வாழ்வை முழுமையாகக் காட்டுகிறது. தாலாட்டும் ஒப்பாரியும் உள்ளன. ஒப்பாரியில் பெண் கணவனை மட்டுமா பாடினாள்? கங்காணியையும் கிராணியையும் பெயர் சொல்லி ஏசுவதற்கு அவளுக்கு வாய்த்த ஒரே மேடை அது.

தோட்டப் பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளும் உண்டு. எந்தத் தோட்டத்துப் பிள்ளை, எப்போது வந்தது, எப்போது நின்றது என்பன அவற்றிற் காணப்படும். சிறுமி பள்ளியை விட்டு நின்ற தேதி எத்தனை செய்திகளைச் சொல்லும்! செமோர் வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் வீடமைப்பு மனைகளாக மாறிய பின், லயங்களில் வாழ்ந்த கிழவியர் மக்களோடு பட்டணம் சென்றுவிட்டனர். பள்ளி இடம் மாறும்போது பழைய ஏடு கரையானுக்கும் குப்பைக்கும் போகிறது. பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சியாளர் வந்து கேட்கும்போது அலமாரியில் அவ்வேடு இருக்குமா என்பதற்கு, தத்தா அவர்கள் அல்லர், தமிழாசிரியர்களே விடை கூற வேண்டியவர்கள்.