கருவியின் எடை: எளிய கேமராக்களும் தமிழ்த் திரைப்படத்தின் வாயிற்படியும் – ‘வழக்கு எண் 18/9’ஐ முன்வைத்து

திறவுச்சொற்கள்: ஒளிப்பதிவு, திறன்பேசி, டி.எஸ்.எல்.ஆர்., பூந்தமல்லி, ஆவடி, ‘வழக்கு எண் 18/9’, பா. இரஞ்சித், ஆவணப்படம்

சென்னையின் மேற்குப் புறநகர் தமிழ்த் திரைப்படத்துக்கு இரண்டு விதமாகப் பயன்பட்டிருக்கிறது. பூந்தமல்லியைக் கடந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் செம்பரம்பாக்கத்தை அடைந்தால் ஈ.வி.பி. பிலிம் சிட்டி வருகிறது. ஒருகாலத்தில் கேளிக்கைப் பூங்காவாக இருந்த இடம் அது. ‘காலா’ (2018) படத்துக்காக மும்பையின் தாராவி அங்கேதான் அரங்கமாக எழுப்பப்பட்டது. அப்படத்தின் இயக்குநர் பா. இரஞ்சித் அங்கிருந்து வெகுதொலைவில் இல்லாத, ஆவடியை அடுத்த கரலப்பாக்கத்தைச் சேர்ந்தவர். அவரது முதற்படமான ‘அட்டகத்தி’ (2012) நகரமும் கிராமமும் அல்லாத அந்தப் புறநகர் வெளியையே களமாகக் கொண்டது. அரசுப் பேருந்தின் படிக்கட்டு, தெருமுனை, வீட்டு முற்றம் ஆகியவை அதில் தம் சொந்த முகத்தோடு வருகின்றன. இயக்குநர் ஒருவரே, நிலப்பகுதியும் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் சிறிய முதலீட்டில் ஊர் ஊராகவே நின்றது. பெரிய முதலீட்டில் அதே ஊரின் மண்மேல் வேறோர் ஊர் எழுந்தது.

மலிவான கேமராக்களையும் திறன்பேசிகளையும் தொழில்முறைத் திரைப்படக் கருவிகளோடு ஒப்பிடும் உரையாடல்கள் பெரும்பாலும் படத்தின் தெளிவு, வண்ணம், நிழல்நுணுக்கம் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. அவை முக்கியமானவையே. எனினும் ஒரு கருவி தன்னைச் சுற்றி எத்தனை மனிதரையும் வண்டிகளையும் ஒப்புதல்களையும் திரட்டிக்கொள்கிறது என்பதே அதன் உண்மையான எடை. இக்கட்டுரை ‘கருவியின் எடை’ என்னும் தொடரை இப்பொருளிலேயே ஆள்கிறது. தமிழில் இவ்வெடையை ஒரே சமயத்தில் குறைத்தும் கேள்விக்கு உட்படுத்தியும் காட்டிய படம் பாலாஜி சக்திவேலின் ‘வழக்கு எண் 18/9’ (2012).

பெருங்கருவியின் எடை

பெரிய படப்பிடிப்பு என்பது கேமரா மட்டுமன்று. ஜெனரேட்டர் வண்டி, விளக்குகள், கிரேன், தண்டவாளம், குவியம் மாற்றுவோர், லைட்மேன்கள், உணவு வழங்குவோர் எனப் பெருங்கூட்டம் அதனோடு நகர்கிறது. இவர்களுக்கென்று தொழிற்சங்கங்களும் அவற்றின் கூட்டமைப்பாக ஃபெப்சியும் உள்ளன. எத்தனை தொழிலாளர், எவ்வளவு நேரம், என்ன ஊதியம் என்பவை பேச்சுவார்த்தைக்குரியவையாக இருப்பது இவ்வமைப்பின் நன்மை. இதன் மறுபக்கம் 2020 பிப்ரவரி 19 இரவு வெளிப்பட்டது. செம்பரம்பாக்கத்தின் அதே வளாகத்தில் ‘இந்தியன் 2’ படப்பிடிப்பின்போது விளக்குகளைத் தாங்கிய கிரேன் சரிந்ததில் உதவி இயக்குநர் ஒருவர் உட்பட மூவர் உயிரிழந்தனர். கருவியின் எடை என்பது அங்கு உருவகமன்று.

சிறுகருவியைப் போற்றும் எழுத்துகள் இக்கூட்டத்தைத் தேவையற்ற சுமையாக மட்டுமே காண்கின்றன. 1948இல் பிரெஞ்சுத் திறனாய்வாளர் அலெக்சாந்தர் அஸ்த்ரூக், எழுத்தாளர் பேனாவைக் கையாள்வதுபோல் இயக்குநர் கேமராவைக் கையாளும் காலம் வரும் எனக் கருதினார். 1969இல் கியூபாவின் ஹூலியோ கார்சியா எஸ்பினோசா, தொழில்நுட்ப நிறைவையே இலக்காகக் கொள்ளாத ‘குறையுள்ள திரைப்பட’த்தை முன்மொழிந்தார். இருவருடைய விருப்பமும் கைக்கு அடங்கும் கேமராவில் நிறைவேறிவிட்டதாகக் கொள்வது எளிது. ஆனால் பேனாவுக்குப் பின்னும் அச்சகம், பதிப்பகம், விற்பனை என ஒரு பொருளாதாரம் உண்டு. கேமராவை மட்டும் பேனாவாக்கிவிட்டு எஞ்சியதை மறந்துவிடும் ஒப்பீடு அரைகுறையானது.

அளவைகள் சொல்வன

எண்ணியல் ஒளிப்பதிவு தமிழ்த் திரைக்குள் கீழிருந்து வரவில்லை. பி.சி. ஸ்ரீராம் இயக்கிய ‘வானம் வசப்படும்’ (2004), கமல்ஹாசன் நடித்த ‘மும்பை எக்ஸ்பிரஸ்’ (2005) ஆகியவை அதன் தொடக்க முயற்சிகள். தம் பெயரால் முதலீட்டைத் திரட்ட வல்லோரே அப்புதுமைக்குத் துணிய முடிந்தது. நிலைமையை மாற்றியவை உண்மையில் திரைப்படத்துக்கென உருவாக்கப்படாத கருவிகள். கேனன் நிறுவனம் 2008இல் 5டி மார்க் 2, 2009இல் 7டி ஆகிய ஒளிப்படக் கேமராக்களில் உயர்தெளிவு நிகழ்படப் பதிவையும் சேர்த்தது. 7டியின் உடற்பகுதி அமெரிக்கச் சந்தையில் 1,699 டாலருக்கு விற்கப்பட்டது.

இக்கருவி திரைப்படத்துக்குள் நுழைந்ததற்கு விலை மட்டும் காரணமன்று. 35 மி.மீ. படச்சுருளின் முழுச்சட்டகம் சுமார் 24.9 × 18.7 மி.மீ.; 7டியின் ஒளியுணரி 22.3 × 14.9 மி.மீ. இரண்டும் நெருங்கிய அளவின. ஆகவே முகம் தெளிந்து பின்புலம் மங்கும் தன்மை, அதாவது பார்வையாளர் ‘சினிமா’ என்று பழகிப்போன தோற்றம், இதில் இயல்பாகவே கிடைத்தது. அக்காலத் திறன்பேசியின் நிலை வேறு. ஐஃபோன் 5எஸ்ஸின் ஒளியுணரி சுமார் 4.8 × 3.6 மி.மீ.; பரப்பில் 7டியினுடையதில் ஏறத்தாழ 19இல் ஒரு பங்கு. அதில் அருகும் தொலைவும் ஒருசேரத் தெளிவாகவே விழும். எதை நோக்க வேண்டும் என்பதைக் குவியத்தால் சுட்ட இயலாத நிலையில் சட்டக அமைப்பும் நடிப்புமே அப்பணியை ஏற்க வேண்டும். இது குறையென்பதைவிட வேறோர் இலக்கணம் எனல் தகும்.

7டியின் குறைகள் வேறிடத்தில் உள்ளன. அதன் நிகழ்படம் 8 பிட் பதிவு. ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிநிலைகள் மட்டுமே, அதுவும் கடுமையாகச் சுருக்கப்பட்டது. 2010இல் வந்த ஆரி அலெக்சா 14 ஸ்டாப் ஒளிவீச்சைப் பதிவுசெய்யும் என்பது அந்நிறுவனத்தின் அளவை. 7டி அதற்கு வெகுவாகக் கீழே நிற்பது. சென்னை வெயிலில் இதன் பொருள் தெளிவானது. தார்ப்பாய் நிழலில் நிற்கும் கறுத்த முகமும் பின்னால் நண்பகல் சாலையும் ஒரே சட்டகத்தில் வந்தால் ஒன்றை இழந்தே மற்றதைப் பெற முடியும். யாருடைய முகம் இருளில் மறையலாம் என்ற தேர்வைப் பெருங்கருவி ஒத்திப்போட உதவுகிறது. சிறுகருவி உடனே முடிவு கேட்கிறது. கேமரா விரைந்து திரும்பினால் நிமிர்ந்த கம்பங்கள் சாய்ந்து தெரியும் ‘ரோலிங் ஷட்டர்’ குறையும் இத்தோடு சேரும்.

ஒலி இன்னொன்று. இவ்வகைக் கேமராக்களில் நேரடி ஒலிப்பதிவு மிக எளிய தரத்தது. வசனத்தைப் பின்னர் ஒலிச்சேர்க்கை செய்யும் நீண்ட பழக்கம் உடைய தமிழ்த் திரைப்படத்துக்கு இக்குறை பெரிதும் உறைக்கவில்லை என்பது ஒரு வரலாற்று வேடிக்கை. பேசுவோரின் குரலையே சான்றாக நம்பும் ஆவணப்படக்காரரைத்தான் அது தாக்கியது.

2012இல் சிகாகோவின் ஜக்கூட்டோ நிறுவனம் நடத்திய ஒப்பீட்டுச் சோதனை இங்கு நினைவுகூரத்தக்கது. ஐஃபோன் 4எஸ், 7டி முதல் அலெக்சா, சோனி எஃப்65 வரை ஒன்பது கேமராக்களால் ஒரே காட்சி எடுக்கப்பட்டது. ஒவ்வோர் ஒளிப்பதிவாளரும் தம் கருவிக்கு ஏற்ப விளக்குகளை மாற்றிக்கொள்ள இடமளிக்கப்பட்டது. திரையில் வேறுபாடுகள் எதிர்பார்த்ததைவிடச் சுருங்கின. இதிலிருந்து ‘கருவி முக்கியமன்று’ என்னும் முடிவுக்குப் பலர் வந்தனர். ஆனால் வேறுபாட்டைச் சுருக்கியவை கூடுதல் விளக்கும் தேர்ந்த கையும் ஆகும். கேமராவில் மிச்சப்பட்ட செலவு ஒளியமைப்பில் திரும்பி வந்தது என்பதே அச்சோதனையின் நேரிய வாசிப்பு.

படம்பிடிக்கும் கை யாருடையது

‘வழக்கு எண் 18/9’ படத்தை எஸ்.டி. விஜய் மில்டன் 7டி கேமராவால் ஒளிப்பதிவு செய்தார். லிங்குசாமியின் திருப்பதி பிரதர்ஸ் தயாரித்த அப்படம் 60ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்வுபெற்றது. ஒளிப்படக் கேமராவால் எடுக்கப்பட்ட முழுநீளப் படம் என்ற செய்தியே அன்று பெரிதும் பேசப்பட்டது. அக்கருவி படத்தின் பொருளோடு கொண்ட உறவு போதிய கவனம் பெறவில்லை.

சாலையோர உணவுக்கடையில் வேலைசெய்யும் வேலு, வீட்டுவேலை செய்யும் ஜோதி, நடுத்தர வர்க்கத்துப் பள்ளி மாணவி ஆர்த்தி, பள்ளி நடத்தும் செல்வாக்குள்ள தாயின் மகன் தினேஷ் ஆகிய நால்வரைச் சுற்றி நிகழும் கதை அது. புதுமுகங்களே பெரும்பாலும் நடித்தனர். படச்சுருளில் 1,000 அடி ஏறக்குறைய 11 நிமிடம் ஓடும்; ஓடியபின் அதை மீட்க முடியாது. 7டியும் ஒரே தொடர்ச்சியாகச் சுமார் 12 நிமிடமே பதிவுசெய்யும் என்பது தற்செயலான ஒற்றுமை. ஆனால் அந்நினைவட்டையை அழித்து மீண்டும் பயன்படுத்தலாம். அனுபவமற்ற நடிகருக்கு மறுமுயற்சி என்பது தயாரிப்பாளரின் கருணையைச் சார்ந்திராத நிலை இதனால் வாய்க்கிறது. வேலு, ஜோதி ஆகியோரின் தயங்கிய பார்வைகளும் அரைச்சொற்களும் இத்தகைய பொறுமையைக் கோருவன. தெருவில் நிற்கும் ஒருவர் ஒளிப்படம் எடுப்பதாகவே எண்ணத்தக்க கருவி அது என்பதும் சிறு செய்தியன்று.

இனி, படத்துக்குள் இன்னொரு கேமரா உள்ளது. தினேஷின் செல்பேசி. ஆர்த்தியோடு பழகிக்கொண்டே அவள் அறியாமல் அவளைப் படமெடுக்கிறான் அவன். அதை அவள் கண்டறிவதிலிருந்தே அமிலவீச்சுக்கான வன்மம் பிறக்கிறது. ஆர்த்திக்குக் குறிவைத்த அமிலம் ஜோதியின் முகத்தைச் சிதைக்கிறது. எளிய கேமராவைப் போற்றும் எல்லாக் கூற்றுகளும் விடுதலையின் மொழியில் பேசுகின்றன: சிறியது, மறைவானது, அருகே செல்லக்கூடியது, அனுமதி கேட்காதது. தினேஷின் கையில் இருக்கும் செல்பேசிக்கும் இதே பண்புகள்தாம். வேலுவை அருகிருந்து காண உதவிய மறைவுத்தன்மையே ஆர்த்தியைச் சிறைப்படுத்தவும் உதவுகிறது. பாலாஜி சக்திவேல் இவ்விணையை வசனமாக்கி விளக்கவில்லை. தம் படத்தின் கருவியையும் அதன் குற்றக் கருவியையும் ஒரே குடும்பத்தினவாக வைத்துவிட்டு நகர்கிறார்.

படக்கருவி யாரிடம் இருக்கிறது என்பதும் நோக்கத்தக்கது. அது தினேஷிடம் உள்ளது. படமெடுக்கப்படும் பெண்ணிடமோ எரிக்கப்படும் பெண்ணிடமோ பழிசுமத்தப்படும் இளைஞனிடமோ இல்லை. இவர்களுக்கு வாய்ச்சொல் ஒன்றே உண்டு. படத்தின் கட்டமைப்பும் அதற்கேற்ப, ஆய்வாளர் குமரவேலின் முன் முதலில் வேலுவும் பிறகு ஆர்த்தியும் சொல்லும் வாக்குமூலங்களாக அமைகிறது. காட்சிகள் அச்சொற்களிலிருந்து விரிகின்றன. உண்மை முழுவதையும் கேட்டறிந்த ஆய்வாளர் அதைத் தினேஷின் தாயிடம் விலைபேசி, ஜோதியின் சிகிச்சையைக் காட்டி வேலுவைக் குற்றத்தை ஏற்கவைக்கிறார். பதிவு இருந்தால் நீதி கிடைக்கும் என்னும் நம்பிக்கை திறன்பேசிக் காலத்தின் பொதுநம்பிக்கை. பதிவு அதிகாரத்தின் கைக்குப் போனால் பேரப்பொருளாகும் என்பதை இப்படம் 2012இலேயே காட்டியது.

படத்தில் குறையே இல்லை என்பதற்கில்லை. வேலுவின் கொத்தடிமை முன்கதையில் இசை நம் இரக்கத்தை முன்கூட்டியே கேட்டு வாங்குகிறது. ஜோதி பெரும்பகுதி பேசாதவளாகவே இருக்கிறாள். வாக்குமூலங்கள் இரண்டில் ஒன்றும் அவளுடையதன்று. நீதிமன்ற வளாகத்தில் ஆய்வாளர் மீது அவள் அமிலம் வீசும் இறுதிச் செயல் அவளுக்கு மறுக்கப்பட்ட வாக்குமூலமாக நிற்கிறது என்று வாசிக்க இடமுண்டு. ஆயினும் அவள் கண்களின் வழி விரியும் பகுதி ஒன்றும் அமையாதது இழப்பே. சிறுகருவி அவளருகே சென்றது. கதைசொல்லல் அவ்வளவு அருகே செல்லவில்லை.

வாயிற்படி நகர்ந்த இடம்

மேலைநாட்டில் ஷான் பேக்கரின் ‘டேன்ஜரின்’ (2015) ஐஃபோன் 5எஸ்ஸால் எடுக்கப்பட்டது. செல்பேசிமேல் பொருத்தும் அனமார்பிக் லென்ஸும் நிலைப்படுத்தும் கருவியும் அதற்குத் துணைநின்றன. ஸ்டீவன் சோடர்பெர்கின் ‘அன்சேன்’ (2018), டேனி பாயிலின் ‘28 இயர்ஸ் லேட்டர்’ (2025) ஆகியவற்றிலும் ஐஃபோன்கள் பயன்பட்டன. கடைசியாகச் சொன்னது பெரும்பொருட்செலவுப் படம். திறன்பேசி ஏழையின் கருவி என்னும் அடையாளம் அங்கு முடிந்துபோகிறது. அது ஓர் அழகியல் தேர்வாக மாறிவிடுகிறது.

தமிழ்நாட்டில் கேமராவின் விலை இறங்கியபின் தடைகள் வேறிடத்துக்குச் சென்றன. படச்சுருள் மறைந்த பிறகு திரையரங்கில் எண்ணியல் முறையில் திரையிடுவதற்கான கட்டணம் தயாரிப்பாளர் மேல் விழுந்தது. அக்கட்டணத்தை எதிர்த்து 2018 மார்ச் 1 முதல் ஏறத்தாழ ஏழு வாரங்கள் புதிய தமிழ்ப் படங்கள் வெளியாகவில்லை. கேமராவை வாங்க இயன்றவர் திரையை வாடகைக்கு எடுக்க இயலாத நிலை அது. தணிக்கைச் சான்றிதழ், திரையரங்கக் காட்சிநேரம், விளம்பரம் ஆகியவை இதைத் தொடர்வன.

இந்நிலையை மிகக் கூர்மையாக உணர்ந்தோர் ஆவணப்படக்காரர்களே. மதுரையில் துப்புரவுப் பணிபுரியும் ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து ஆர்.பி. அமுதன் 2003இல் ‘பீ’ என்னும் 26 நிமிடப் படத்தை எடுத்தார். மலக்குழியும் தெருவோரமுமாகிய அவ்விடத்தில் விளக்கு வண்டியும் குழுவும் சென்றிருந்தால் அப்படம் அழிந்திருக்கும். திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ (2017) அதே பொருளை மாநிலம் தழுவி விரித்தது. அதற்குக் கேமரா தடையாக இல்லை; அரங்கம் தடையாயிற்று. திரையிடல்களுக்குக் காவல்துறை அனுமதி மறுத்தது. இயக்குநர் அப்படத்தை யூடியூபில் வெளியிட்டார். 2017 ஜூலையில் பழைய வழக்கொன்றைக் காட்டிக் கைதும் செய்யப்பட்டார். பல்லாயிரம் பேர் அப்படத்தைக் கண்டது திறன்பேசியின் சிறு திரையில். அத்திரையில் 8 பிட் பதிவுக்கும் 14 ஸ்டாப் பதிவுக்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் தெரிவதில்லை. குழிக்குள் இறங்குவோரின் முகம் தெரிகிறது.