யாழ்முரியும் பாணனார் உள்ளமும்

இசைவாணர் தாம் கற்ற முறைமையையும், தமக்கு வழிகாட்டினோரையும், தாம் பெற்ற சிறப்புக்களையும் எடுத்துரைக்கும் உரைகள் பல உள. கேட்டற்கு இனியவாயினும், அவற்றுட் பெரும்பாலனவற்றில் 'யான்' என்னும் சொல்லே சுருதியாய் நின்று ஒலிக்கக் காண்கிறோம். தம் கலையின் எல்லையைத் தாமே கண்டு, அதனைச் சுற்றத்தார் அறிய ஒப்புக்கொண்ட இசைவாணர் மிகச் சிலரே. அவருள் தலைமை சான்றவர் திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அருளிய திருத்தொண்டர் புராணத்தில், அவர் வரலாற்றின் உயிர்நிலை யாழ்முரிப் பதிக நிகழ்ச்சியேயாகும். அதன் கருத்தைச் சிலர் பிறழ உணர்தலின், அஃது ஈண்டு ஆராயப்படுகின்றது.

இந்நாளில் இராசேந்திரப்பட்டினம் என வழங்கும் திருஎருக்கத்தம்புலியூரே பாணனார் பிறந்த ஊர். ஆளுடைய பிள்ளையாரைக் காண்பதற்கு முன்னரே அவர் புகழ் நிறைந்தவர். திருவாலவாயில், தரையின் ஈரம் தாக்கினால் யாழின் கட்டுத் தளரும் என்று இறைவன் அசரீரியாய் உணர்த்த, பலகை இடப்பெற்றது. திருவாரூரில் அவர்பொருட்டு வடதிசையில் வேறு வாயில் வகுக்கப்பெற்றது. இத்துணைச் சிறப்பெய்திய பின்னரே அவர் சீகாழியை அடைந்து, மதங்கசூளாமணியாரோடு பிள்ளையாரின் பதிகங்களை யாழிலிட்டு உடன் செல்வாராயினர்.

தம் தாயார் பிறந்த ஊராகிய தருமபுரத்தில் அவர்க்கு ஒரு சோதனை வந்தது. அவர் யாழில் இசைத்தலினாலேயே பதிகங்கள் உலகிற் பரவின என்று கிளைஞர் புகழ்ந்தனர். பாணனார் அதுகேட்டு மகிழ்ந்திலர், நடுங்கினார். யாழில் அடங்காத பதிகம் ஒன்றை அருளுமாறு பிள்ளையாரை வேண்டினார். பிள்ளையார் அருளிய பதிகம் நரம்பில் அடங்காமை கண்டு யாழையே உடைக்க ஓங்கினார். பிள்ளையார் தடுத்து அதனை வாங்கிக்கொண்டார். காரைக்காலை அடுத்த அத்தலத்து இறைவர் இன்றும் யாழ்முரிநாதர் எனப் பெறுகின்றார்.

இந்நிகழ்ச்சி கருவியிசையை மிடற்றிசை வென்றதைக் காட்டுவது என்பர் ஒருசாரார். அது பொருந்தாது. உலகத்தார் கண்டத்திலும் அடங்காது, கருவியிலும் அடங்காது என இரண்டினையும் ஒருங்கு வைத்தே சேக்கிழார் கூறுகின்றார். ஆகவே தோற்றது நரம்பு மட்டுமன்று. மனிதர் செயலாற்றல் முழுவதுமேயாம். இது பாணரைத் தாழ்த்தக் கூறியது என்பாரும் உளர். அதுவும் பொருந்தாது. வேண்டினவர் பாணரே, பிள்ளையார் தாமாகச் சோதித்தாரல்லர். யாழ் இழிந்ததாயின், அதன் நரம்பு தளராமைப்பொருட்டு ஆலவாயண்ணல் பலகை இடுவித்தல் எங்ஙனம்?

இனி, யாழை முரிக்க ஓங்கிய செயலைச் சித்தாந்த நோக்கில் காண்டல் தகும். மாயையின் காரியமாகிய கருவி கரணங்கள் உயிர்க்கு விளக்குப்போல் உதவுவன என்பது நம் நூற்றுணிபு. விளக்கையே ஞாயிறு என மயங்குதல் பிழை. அது கிளைஞர் நிலை. ஞாயிற்றின் பேரொளி கண்டு விளக்கை உடைக்க முற்படுதலும் முடிந்த நிலையன்று. அளவிடுதற்கரிய இசைப்பெருமை செயலின் அளவில் அடங்குமோ எனத் தெளிவித்து, இயன்ற அளவில் இசைக்குமாறு பிள்ளையார் யாழைத் திரும்பக் கொடுத்தார். உடைக்கும்வரை அது பாணர் யாழ். வாங்கிக் கொடுத்தபின் அது அருள் தந்த யாழ். பாணனார் அதனை இசைத்துக்கொண்டே நல்லூர்ப்பெருமணம்வரை உடன் சென்று சோதியிற் கலந்தார். தருக்கு ஒழிதல் வேண்டுமேயன்றித் தொழில் ஒழிதல் வேண்டா என்பதே இதனாற் பெறப்படும்.

அப்பணிவு வீண்போகவில்லை. நம்பியாண்டார் நம்பி திருமுறைகளை வகுத்த காலத்தில், பண்முறை தெரித்தவர் எருக்கத்தம்புலியூரில் அப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியார் என்று திருமுறைகண்ட புராணம் கூறும். யாழே வழக்கொழிந்த பின்னரும், 1947-ஆம் ஆண்டில் விபுலாநந்த அடிகளின் யாழ்நூல் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. கலையைத் தனதென்றவன் புகழ் அவனோடு மாய்கின்றது. அருளின் உடைமை என்று கண்டவர் கலை, கருவி மறைந்த பின்னும் வாழ்கின்றது. திருமுறை இசைக்கும் அன்பர்கள், அவையோர் புகழ் செவியிற் படும்போதெல்லாம் தருமபுரத்துப் பாணனாரை நினைவாராக.

திருச்சிற்றம்பலம்.