வாராந்தர எடை: ஸ்லிம்மிங் கிளப்புகளும் சர்க்கரை நோயும்

பிரிட்டனில் ஓரளவு பெரிய ஊர் எதற்குப் போனாலும், வார நாள் மாலைகளில் தேவாலய மண்டபத்திலோ பள்ளிக்கூடத்திலோ இப்படி ஒரு கூட்டம் நடக்கும். வருகிறவர்கள் காலணியைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்று எடை பார்ப்பார்கள். பிறகு நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்து, போன வாரம் எப்படிப் போனது, எங்கே வாயைக் கட்ட முடியாமல் போனது என்று பேசுவார்கள். நன்றாகக் குறைத்தவருக்குக் கைதட்டல் கிடைக்கும். வாராவாரம் கட்டணம் உண்டு. ஸ்லிம்மிங் வேர்ல்டும் வெயிட் வாட்சர்ஸும் இந்தத் தொழிலின் பெரிய பெயர்கள். குடும்ப மருத்துவர்கள் நோயாளிகளை அரசு செலவில் சில வாரங்களுக்கு இங்கே அனுப்புவதும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது.

அந்த வரிசையில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வந்தவர்களும், வரும் தறுவாயில் இருப்பவர்களும் நிற்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கிளப்புகள் உதவுகின்றனவா? எடை குறைய உதவுகின்றன. சர்க்கரைக்கும் ஓரளவு உதவுகின்றன. ஆனால் எடையை மட்டுமே பார்க்கும் இடமாக இருக்கும்வரை, சர்க்கரை நோயாளிக்கு அவை அரைகுறை உதவிதான். சில நேரம் ஆபத்தும்கூட.

முதலில் பலத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மருத்துவர்கள் பலர் இவற்றை வெறும் வியாபாரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். வெயிட் வாட்சர்ஸைத் தொடங்கிய ஜீன் நைடெட்ச் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த இல்லத்தரசி. அவருக்கு உணவுப் பட்டியலைக் கொடுத்தது நகரச் சுகாதாரத் துறையின் உடற்பருமன் மருத்துவமனை. பட்டியல் கையில் இருந்தும் அவரால் பிஸ்கட்டை விட முடியவில்லை. 1961இல் தன்னைப் போன்ற தோழிகளை வீட்டுக்கு அழைத்து, ஒளித்து வைத்துத் தின்பதைப் பற்றி வெளிப்படையாகப் பேச ஆரம்பித்தார். இரண்டு ஆண்டுகளில் அது நிறுவனமானது. உணவு முறை மருத்துவத்துறையுடையது. அவர் சேர்த்ததெல்லாம் ஆட்களையும் வாராந்தரச் சந்திப்பையும்தான். இன்றுவரை கிளப்பின் சரக்கு அதுதான், அது குறைவான சரக்கு அல்ல. எதைத் தின்னக்கூடாது என்று சர்க்கரை நோயாளிக்குத் தெரியும். தெரிந்ததை அடுத்த வியாழக்கிழமை வரை கடைப்பிடிக்க ஒரு காரணம் அவருக்கு வேண்டும்.

ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. ஆஸ்திரேலியா, ஜெர்மனி, பிரிட்டன் ஆகிய மூன்று நாடுகளில் 772 பேரை வைத்து நடந்து 2011இல் லான்செட்டில் வந்த ஆய்வில், ஓராண்டு வெயிட் வாட்சர்ஸுக்கு அனுப்பப்பட்டவர்கள் சராசரியாக 5 கிலோ குறைத்தார்கள். மருத்துவரின் வழக்கமான ஆலோசனை பெற்றவர்கள் 2 கிலோ சொச்சம்தான். அதே ஆண்டு பர்மிங்காமில் 740 பேரிடம் நடந்த ஒப்பீட்டில், குடும்ப மருத்துவ நிலையமும் மருந்துக்கடையும் நடத்திய எடைக் குறைப்புத் திட்டங்களைவிட வணிகக் கிளப்புகள் நல்ல பலன் தந்தன, செலவும் குறைவு. பயிற்சி பெற்ற செவிலியர் தனியறையில் சொன்னதைவிட, எடை குறைத்த அனுபவமுள்ள ஒரு சாதாரணப் பெண்மணி கூட்டத்தில் சொன்னது நன்றாக எடுபட்டிருக்கிறது. மருத்துவத்துறை இதை அடக்கத்தோடு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

இன்னோர் ஆய்வு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 1,267 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சிறு கையேடும் ஆலோசனையும், இன்னொன்றுக்கு 12 வாரக் கிளப், மற்றதற்கு 52 வாரக் கிளப். ஓராண்டு முடிவில் முறையே 3.26, 4.75, 6.76 கிலோ குறைந்திருந்தது. இரண்டாம் ஆண்டு முடிவில் அது 2.30, 3.00, 4.29 ஆகச் சுருங்கியது. 2017இல் வெளியான இந்த எண்களை நிதானமாகப் படித்தால் கிளப்பின் பலமும் பலவீனமும் சேர்ந்தே தெரியும். போகும்வரை பலன் உண்டு. நின்றால் எடை திரும்புகிறது. நீண்டகாலம் போனவருக்குக் கொஞ்சம் மிச்சம் தங்குகிறது. அப்படியிருக்க, அரசு 12 வாரச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்ததாக நினைப்பது எப்படிச் சரியாகும்? சர்க்கரை மாத்திரையை யாரும் 12 வாரத்துக்கு மட்டும் எழுதிக் கொடுப்பதில்லை.

இந்தச் சராசரிகளை அப்படியே நம்பிவிடவும் கூடாது. நான் சொன்ன மூன்று நாட்டு ஆய்வுக்குப் பணம் கொடுத்தது வெயிட் வாட்சர்ஸே. 52 வார ஆய்விலும் அதன் பங்கு உண்டு. ஆய்வாளர்கள் தரமானவர்கள், முடிவுகளை ஒதுக்கத் தேவையில்லை. ஆனாலும் வாசகர் தெரிந்துவைத்திருக்க வேண்டிய செய்தி இது. அந்த மூன்று நாட்டு ஆய்விலேயே கிளப்புக்கு அனுப்பப்பட்டவர்களில் ஓராண்டு நிலைத்தவர்கள் 61 சதவீதம் பேர்தான். எடை கூடிய வாரத்தில்தான் ஒருவருக்குத் துணை அதிகம் தேவை. அந்த வாரத்தில்தான் வரிசையில் நிற்கக் கூசி அவர் வராமல் இருந்துவிடுகிறார். கைதட்டலை வைத்து நடக்கும் இடத்தில் இந்தக் கூச்சம் தவிர்க்க முடியாதது. கிளப்புக்கு அனுப்பப்படுகிறவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் பெண்கள் என்பது இன்னொரு குறை. ஆண்கள் வரமாட்டார்கள் என்று பொருளல்ல. ஸ்காட்லாந்தின் 13 கால்பந்து அணிகள் தங்கள் மைதானத்திலேயே ரசிகர்களுக்கு வகுப்பு நடத்தியபோது 747 ஆண்கள் ஆய்வில் சேர்ந்தார்கள். வகுப்புக்குப் போன பிரிவினர் ஓராண்டில் மற்றவர்களைவிட ஏறக்குறைய 5 கிலோ கூடுதலாகக் குறைத்தார்கள். இடம் தன்னுடையது என்று தோன்றினால் ஆண்களும் வருகிறார்கள்.

இனி சர்க்கரைக்கு வருவோம். ஸ்காட்லாந்திலும் டைன்சைடிலும் 306 பேரிடம் நடந்த டைரக்ட் ஆய்வு, நோய் வந்து ஆறு ஆண்டுகளுக்குள் இருப்பவர்கள், இன்சுலின் போடாதவர்கள், எடையைக் குறைத்தால் நோயே அடங்கிப்போகக்கூடும் என்று நிறுவியது. மைக் லீனும் ராய் டெய்லரும் தலைமை தாங்கினார்கள். மூன்று முதல் ஐந்து மாதம் நாளுக்கு 850 கலோரி அளவில் சூப்பும் ஷேக்கும் மட்டும். பிறகு படிப்படியாகச் சாப்பாடு. இந்த உணவுமுறைக்கு அனுப்பப்பட்ட பிரிவில் ஓராண்டில் 46 சதவீதம் பேருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. இரண்டாம் ஆண்டில் 36 சதவீதம். கல்லீரலிலும் கணையத்திலும் படிந்த கொழுப்பு கரைவதால் இது நடக்கிறது என்பது டெய்லரின் விளக்கம். 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. 5 முதல் 10 கிலோ குறைத்தவர்களில் 34 சதவீதம் பேருக்கு. 5 கிலோவுக்குள் நின்றவர்களில் 7 சதவீதம் பேருக்கு மட்டும்.

கிளப்பின் சராசரியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 12 வாரச் சீட்டில் போகிறவர் பெரும்பாலும் கடைசி வரியில் நிற்பார். ஓராண்டு விடாமல் போகிறவர் நடு வரியை எட்டக்கூடும். கிளப்புக்குப் போய்ச் சர்க்கரையே போய்விட்டது என்று சொல்லும் சிலர் உண்மையைத்தான் சொல்கிறார்கள். அதை எல்லோருக்குமான வாக்குறுதியாக விளம்பரத்தில் போடுவதுதான் தவறு. நோய் இன்னும் வராத, வரும் தறுவாயில் இருப்பவருக்கோ 5 கிலோ என்பது பெரிய பாதுகாப்பு.

நோய் வந்தவர்களிடமே நடந்த நல்ல ஆய்வு ஒன்று அமெரிக்காவிலிருந்து 2016இல் வந்தது. 563 பேரில் பாதிப் பேரை வெயிட் வாட்சர்ஸுக்கு அனுப்பி, கூடவே சர்க்கரை நோய்ப் பயிற்றுநர் ஒருவர் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் துணை நிற்க ஏற்பாடு செய்தார்கள். ஓராண்டில் அவர்களது எடை 4 சதவீதம் குறைந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 0.32 சதவீதப் புள்ளி இறங்கியது, மற்றவர்களுக்கு 0.16 ஏறியது. கிளப்போடு சர்க்கரை தெரிந்த ஒரு ஆளையும் சேர்த்ததை நாம் கவனிக்க வேண்டும். நம் தெரு மூலைக் கூட்டத்தில் அந்த ஆள் இல்லை.

அந்த ஆள் இல்லாததால் வரும் ஆபத்தைப் பற்றிக் கிளப்புகள் போதிய அளவு பேசுவதில்லை. கூட்டத்தை நடத்துகிறவர் பெரும்பாலும் முன்னாள் உறுப்பினர். நல்ல மனம் உண்டு, மருத்துவப் பயிற்சி இல்லை. எடை பார்க்கும் நாளில் மதியச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு வருவது உறுப்பினர்களிடம் சகஜம். கிளிக்ளசைடு, கிளைமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் அப்படி வந்தால் லோ சுகர் வந்து மயங்கி விழலாம். டபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர் மாவுச்சத்தைத் திடீரென்று நிறுத்தினால் இரத்தத்தில் அமிலம் ஏறும் அபாயம் உண்டு. டைரக்ட் ஆய்வில் சர்க்கரை மாத்திரைகளையும் இரத்த அழுத்த மாத்திரைகளையும் முதல் நாளே நிறுத்திவிட்டு, மருத்துவ நிலையத்தின் கண்காணிப்பில்தான் உணவைக் குறைத்தார்கள்.

உணவுப் பட்டியலும் சிக்கல். ஸ்லிம்மிங் வேர்ல்டில் எண்ணெய் சேர்க்காத சோறு, பாஸ்தா, உருளைக்கிழங்கு ஆகியவற்றை அளந்து சாப்பிட வேண்டியதில்லை. வயிறு நிறைந்தால் கொழுப்பான தின்பண்டத்தில் கை போகாது என்பது கணக்கு. எடைக்கு அது பலிக்கவும் செய்கிறது. ஆனால் சர்க்கரை நோயாளிக்குச் சோறு கணக்கில் வராத உணவாக இருக்க முடியுமா? லண்டனில் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் வாழும் நம் ஆட்கள் இந்தப் பட்டியலைக் கையில் வாங்கினால் என்ன புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தால் கவலையாக இருக்கிறது. வெயிட் வாட்சர்ஸ் 2021இல் சர்க்கரை நோயாளிகளுக்கென்று தனிப் புள்ளிமுறை கொண்டுவந்தது. தாமதம்தான், ஆனாலும் சரியான திசை.

எடை ஒன்றே கணக்கல்ல என்பதற்கு வலுவான சான்று சென்னையிலிருந்து வந்தது. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரையின் வாசலில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டு தொடர்ந்தார்கள். எந்தப் பயிற்சியும் இல்லாதவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. நடை, உணவு மாற்றம் என்று வாழ்க்கைமுறையைத் திருத்தியவர்களில் 39.3 சதவீதம். திருத்தியவர்களின் சராசரி எடை குறையவே இல்லை. 2006இல் வெளியான இந்த முடிவை எந்த எடைக் கிளப்பாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. அவர்கள் ஏட்டில் இந்த மனிதர்களெல்லாம் தோற்றவர்கள். தெற்காசிய உடலுக்கு, உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ குறைவாக இருக்கும்போதே சர்க்கரை வந்துவிடுவதால் நமக்கு இது இன்னும் முக்கியம். வாராவாரம் முள் அசையாததைக் கண்டு நடையையே கைவிட்டுவிடுகிற ஒருவருக்கு, இரத்தத்தில் நல்லது நடந்துகொண்டிருக்கிறது என்று யார் சொல்வது?

இதற்கிடையே ஊசி வந்துவிட்டது. செமாகுளூட்டைடு ஊசியில் 68 வாரத்தில் சராசரி 15 சதவீத எடை இறங்குகிறது. எந்தக் கிளப்பும் அதை எட்டாது. வெயிட் வாட்சர்ஸ் 2023இல் அந்த மருந்தை எழுதித் தரும் இணைய மருத்துவ நிறுவனத்தை வாங்கியது. 2025 மே மாதத்தில் கடன் தாளாமல் திவால் பாதுகாப்பு கேட்டது. கூட்டங்களின் காலம் முடிந்தது என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஊசியை நிறுத்தி ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிடுகிறது என்று அதே மருந்தின் ஆய்வே சொல்கிறது. பக்கத்தில் ஆள் வேண்டும் என்ற தேவை அப்படியே இருக்கிறது.

அந்த ஆளை எப்படி அமைக்கலாம் என்பதற்கும் சென்னையில் முன்மாதிரி உண்டு. டாக்டர் வி. மோகன் பங்கேற்ற டி-கிளிப் ஆய்வில் 578 பேர் சேர்ந்தார்கள். வாராவாரம் குழு வகுப்பு, அதன்பிறகு தொடர்சந்திப்பு, இடையிடையே இரத்தப் பரிசோதனை, சர்க்கரை இறங்காதவர்களுக்கு மட்டும் மெட்ஃபார்மின் மாத்திரை. மூன்று ஆண்டில் நோய் வரும் வாய்ப்பு 32 சதவீதம் குறைந்தது. பங்கேற்றவர்களில் பலருக்கு மாத்திரையும் தேவைப்பட்டது; அதை யாரும் தோல்வியாக எண்ணவில்லை. பிரிட்டனின் கிளப்புகளிடம் மண்டபம் இருக்கிறது, பழகிய கூட்டம் இருக்கிறது. சேரும்போதே என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று கேட்பதும், அதைக் குடும்ப மருத்துவருக்குத் தெரிவிப்பதும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சியை உறுப்பினரின் ஏட்டில் எடைக்குப் பக்கத்தில் எழுதுவதும் பெரிய செலவில்லை. அனுப்பிவைக்கும் அரசு அதையே நிபந்தனையாக வைக்கலாம், சீட்டை 52 வாரத்துக்கு நீட்டலாம்.