பட்டியலும் பிரதியும்

1880ஆம் ஆண்டு அக்டோபர் 21, வியாழக்கிழமை. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்த உ.வே.சாமிநாதையர், அந்த ஊருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவற்றை ஐயர் அடுக்குகிறார். முதலியாரிடம் வியப்பில்லை. சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் இவற்றையெல்லாம் படித்ததுண்டா என்று திருப்பிக் கேட்கிறார். ஐயர் அவற்றைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. புத்தகம் கிடைக்கவில்லை என்கிறார். பிறகு முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியை அவருக்குக் கொடுக்கிறார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1887இல், சிந்தாமணி அச்சில் வந்தது.

தமிழில் ஒருவர் இன்னொருவருக்குச் செய்த நூல் பரிந்துரைகளில் இதைவிடப் பெரிய பலன் தந்தது வேறொன்று எனக்குத் தெரியாது. பதிப்பு வரலாற்றில் பலமுறை சொல்லப்பட்ட காட்சிதான். நான் இங்கே கவனிக்க விரும்புவது அதன் பின்பாதியை. முதலியார் பெயரைச் சொன்னதோடு நிற்கவில்லை. பிரதியையும் கையில் கொடுத்தார். கேள்வியும் புத்தகமும் ஒரே ஆளிடமிருந்து வந்தன. அதன் பிறகு தமிழ் வாசகர் பட்ட பாட்டில் பாதி, இவை இரண்டும் வெவ்வேறு இடங்களுக்குப் பிரிந்துபோனதால் வந்தது. எதைப் படிக்கலாம் என்று சொல்ல ஆள் இருந்த இடத்தில் புத்தகம் கிடைக்கவில்லை. புத்தகம் குவிந்து கிடந்த இடத்தில் எதை எடுப்பது என்று சொல்ல ஆளில்லை.

முதலியார் கேட்ட அதே கேள்வியைத்தான் 1950களில் விமர்சகர் க.நா.சுப்ரமண்யம் ஒரு நூலுக்கே தலைப்பாக வைத்தார்: 'படித்திருக்கிறீர்களா?'. நல்லவை என்று தாம் நினைத்த நூல்களை ஒவ்வொன்றாக எடுத்து, பண்டிதரல்லாத வாசகரிடம் பேசுகிற தொனியில் அறிமுகம் செய்தார். லட்சக்கணக்கானோர் வாரந்தோறும் காத்திருந்து படித்த எழுத்தாளர்களை ஒதுக்கிவிட்டு, அதிகம் விலைபோகாத நாவல்களை முன்னே கொண்டுவந்தார். ஆர்.சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' போன்ற ஒரு சிறிய கொங்கு நாவல் இன்றும் பேசப்படுவதில் அவருடைய விடாப்பிடிக்குப் பங்குண்டு. காரணகாரியம் விளக்காமல் பெயர்களை அடுக்குகிறார் என்ற குற்றச்சாட்டு அவர்மீது கடைசிவரை இருந்தது. அதில் நியாயமும் இருந்தது. ஆனால் அந்தப் பட்டியல்களுக்கு ஒரு பொறுப்பாளி இருந்தார். பிடிக்கவில்லையென்றால் அவரோடு சண்டை போடலாம், பலர் போட்டார்கள். வாக்கெடுப்பில் வந்த பட்டியலோடு எப்படிச் சண்டை போடுவது?

இன்னொன்றையும் அவர் செய்தார். உலக நாவல்களைப் படியுங்கள் என்று சொன்னவர், ஆங்கிலம் வராத வாசகருக்காகத் தாமே அவற்றை மொழிபெயர்த்தார். க்னுட் ஹாம்சனின் 'நிலவளம்', செல்மா லாகர்லெவின் 'மதகுரு', பேர் லாகர்குவிஸ்டின் 'அன்பு வழி' எல்லாம் அப்படி வந்தவை. முதலியார் செய்த காரியம்தான் இதுவும்: கேட்டவர் கையிலேயே பிரதியும் இருந்தது. 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கிய சி.சு.செல்லப்பா, புத்தகக் கட்டுகளைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். விமர்சகரே விற்பனையாளராகவும் அலைந்த அந்தக் காலத்தை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

வெகுஜன வாசகர் இதற்குள் தனக்கென்று ஒரு வழியைக் கண்டிருந்தார். வார இதழில் வந்த தொடர்கதையைப் பக்கம் பக்கமாகக் கிழித்து, அடுக்கி, பைண்ட் செய்து வைப்பது. 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வந்த 'பொன்னியின் செல்வ'னை மணியத்தின் ஓவியங்களோடு அப்படிக் கட்டி வைத்திருந்த வீடுகள் ஏராளம். அந்தக் கட்டுகள் தெருவில் வீடுவீடாகச் சுற்றின. பதிப்பகமோ நூலகமோ இல்லாமல், அத்தைகளும் பாட்டிகளும் நடத்திய இரவல் நிலையங்கள் அவை. அவற்றைப் பற்றி யாராவது முறையாக ஆய்வு செய்தால் நம் வாசிப்பின் வரலாறு வேறு மாதிரித் தெரியவரும்.

வெகுஜனத்துக்கும் சிற்றிதழுக்கும் நடுவில் பாலம் போட்டவர் சுஜாதா. 'கணையாழி'யின் கடைசிப் பக்கத்தில் அவர் எழுதிவந்த பத்தி, நல்ல கவிதையைக் கண்டால் பெயர் சொல்லிச் சுட்டிக்காட்டியது. துப்பறியும் கதைக்காக அவரைத் தேடிவந்த வாசகர்கள் பலர் அந்தச் சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டே நவீன கவிதைக்குள் போனார்கள். பின்னாளில் எஸ்.ராமகிருஷ்ணன் 'ஆனந்த விகட'னில் 'கதாவிலாசம்' எழுதியபோது அதே வேலை வேறு விதத்தில் நடந்தது. ஓர் எழுத்தாளர், அவருடைய ஒரு கதை, அதையொட்டித் தன் அனுபவம் என்ற அமைப்பு அது. எந்தத் தொகுப்பில் அந்தக் கதை இருக்கிறது என்று கடைகளில் வந்து கேட்கும் வாசகரை அந்தத் தொடர் உண்டாக்கியது.

விலை என்ற தடையை உடைத்தவை இரண்டு வரிசைகள். ஒன்று, மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் அச்சிட்டு நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் வழியாக வந்த ருஷ்ய நூல்கள். ரா.கிருஷ்ணையாவின் தமிழில் தல்ஸ்தோயின் 'புத்துயிர்ப்'பையும் தஸ்தயேவ்ஸ்கியின் 'வெண்ணிற இரவுக'ளையும் மாணவர் கைக்காசில் வாங்க முடிந்தது. சோவியத் நாடு சிதறியதும் அந்தக் கெட்டி அட்டைப் புத்தகங்கள் நின்றுபோயின. பழைய புத்தகக் கடைகள்தான் கொஞ்ச காலம் அந்தப் பசியைத் தணித்தன. மற்றொன்று, நேஷனல் புக் டிரஸ்டும் சாகித்திய அகாதெமியும் கொண்டுவந்த இந்திய நாவல்கள். தாராசங்கர் பந்த்யோபாத்யாயவின் 'ஆரோக்கிய நிகேதன'த்தைத் த.நா.குமாரசாமியும், குர்அதுல்ஐன் ஹைதரின் 'அக்னி நதி'யைச் சௌரியும், அதீன் பந்த்யோபாத்யாயவின் 'நீலகண்டப் பறவையைத் தேடி'யைச் சு.கிருஷ்ணமூர்த்தியும் தமிழாக்கினார்கள். ஜெயமோகனின் 'கண்ணீரைப் பின்தொடர்தல்' இந்த நாவல்களைப் பற்றிய கட்டுரைகளின் தொகுப்பு. அதைப் படித்துவிட்டு நூல்களைத் தேடிப் போனவர்களுக்கு ஓர் ஏமாற்றம் காத்திருந்தது: பல அச்சில் இல்லை. 'நீலகண்டப் பறவையைத் தேடி' நான் முதலில் படித்தது ஜெராக்ஸ் கட்டாகத்தான். சுருள் கம்பி போட்டது. வரிகள் ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தன. எனக்கு முன் அதைப் படித்தவர் அந்த வெட்டுப்பட்ட எழுத்துகளைப் பேனாவால் எழுதி நிரப்பியிருந்தார். அவர் யாரென்று தெரியாது. அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

பரிந்துரை ஒரு நூலைச் சாவிலிருந்து மீட்கும் என்பதற்குப் ப.சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'தான் சான்று. மேடானிலும் பினாங்கிலும் இரண்டாம் உலகப் போர்க்காலத் தமிழர் வாழ்வைச் சொல்லும் அந்த நாவல், எழுதி முடித்துப் பல ஆண்டுகள் பதிப்பாளர் கிடைக்காமல் கிடந்து, 1972இல்தான் வெளியானது. வெளியானபோதும் கவனிப்பாரில்லை. மதுரையில் 'தினத்தந்தி'யில் வேலை பார்த்த சிங்காரம் அத்துடன் நாவல் எழுதுவதையே விட்டுவிட்டார். பிறகு சி.மோகன் அதைத் தமிழின் மிகச் சிறந்த நாவல்களில் ஒன்று என்று எழுதினார், பேசினார், திரும்பத் திரும்பச் சொன்னார். பின்னர் வந்த விமர்சகர்களும் சொன்னார்கள். இன்று அது இல்லாமல் யாரும் நாவல் பட்டியல் போடுவதில்லை. மறுபதிப்புகள் வந்தபடி இருக்கின்றன. 1997இல் மறைந்த சிங்காரம் இந்தப் புகழின் ஆரம்பத்தை மட்டுமே கண்டிருக்க முடியும்.

நம் பட்டியல்களில் எனக்குத் தீராத குறை ஒன்று உண்டு. அவை பெரும்பாலும் ஒரே நிலத்தையும் ஒரே தலைமுறையையும் சுற்றிவருகின்றன. ஈழத்துக் கே.டானியலின் 'பஞ்சம'ரும் மலையகத்துத் தெளிவத்தை ஜோசப்பின் கதைகளும் தனி அடைப்புக்குள் போகின்றன, இணைப்புப் பட்டியல் மாதிரி. ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' 1964இலேயே வந்துவிட்டது. சிவகாமியின் 'பழையன கழிதலும்' 1989இல், பாமாவின் 'கருக்கு' 1992இல். இவை பெண் எழுத்து, தலித் எழுத்து என்ற தலைப்புகளின் கீழ்தான் முதலில் நினைவுகூரப்படுகின்றன. நாவல் என்ற தலைப்பின் கீழ் அவற்றுக்கு இன்னும் தயக்கத்தோடுதான் இடம் கிடைக்கிறது. பட்டியல் போடுகிறவரின் அலமாரியில் எது இருந்ததோ அதுதான் பட்டியலில் வரும். ஆகவே இந்தக் குறையும் பிரதியின் கதையோடு பிணைந்தது.

பிரதிக்கு வருவோம். சீர்காழியில் 1892இல் பிறந்து, கணிதப் பேராசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். வாசகருக்கும் நூலுக்கும் இருக்கும் உறவை அவர் இரு பக்கமிருந்தும் பார்த்தார்: வாசகர் நூலைத் தேடுவது போலவே நூலும் தன் வாசகரைத் தேடி நிற்கிறது. அதே 1931இல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டுவண்டியில் நூலகம் போனது. 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியது. சொத்து வரியோடு வசூலாகும் நூலக வரி அதிலிருந்து வந்ததுதான். நம் கிளை நூலகங்களை அந்த வரிதான் இன்றும் தாங்குகிறது.

கிளை நூலகத்தில் நான் நம்பும் பரிந்துரை, புத்தகத்தின் கடைசியில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டு. முத்திரைகள் நெருக்கமாக விழுந்திருந்தால் அந்த ஊரில் அதைப் பற்றி யாரோ பேசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்கள் ஊரில் அது ஒரு பள்ளி ஆசிரியர். அவர் வகுப்பில் எந்தக் கதையைச் சொன்னாலும் அடுத்த வாரம் அந்த நூலின் சீட்டில் முத்திரை கூடும்.

1896 முதல் இயங்கும் எழும்பூர் கன்னிமாரா, இந்தியாவின் நூல் வைப்பு நூலகங்களில் ஒன்று. இங்கே அச்சாகும் நூலின் பிரதி அங்கே போய்ச் சேர வேண்டும் என்பது சட்டம். கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010இலும் மதுரைக் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023இலும் திறந்தன. வசதியில் இவற்றுக்குக் குறைவில்லை. ஆனால் அரிய நூல் என்றால் தமிழ் வாசகர் தனிமனிதர்களைத்தான் நன்றியோடு நினைக்க வேண்டும். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா தன் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் இதழ்களும் நாடக நோட்டீஸ்களும் அழைப்பிதழ்களும், 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் காப்பாற்றப்பட்டுச் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாயின. பழைய இதழ் எதையாவது தேடுகிறவர் முதலில் போக வேண்டிய இடம் தரமணியில் இருக்கும் அதுதான். புதுக்கோட்டையில் பா.கிருஷ்ணமூர்த்தியும் டோரதியும் ஆசிரியச் சம்பளத்தில் கட்டியெழுப்பிய ஞானாலயாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் உண்டு; முதல் பதிப்புகளைத் தேடி ஆய்வாளர்கள் அங்கே போகிறார்கள்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அந்த இழப்பை அறிந்த சமூகம்தான் 2005இல் 'நூலகம்' என்ற இணையத் திட்டத்தைத் தொடங்கியது. ஈழத்து நூல், சஞ்சிகை, பிரசுரம் எது கிடைத்தாலும் மின்வருடி எல்லோருக்கும் திறந்து வைக்கிறார்கள். டானியலைப் படிக்க ஆசைப்பட்டுக் கடைகடையாக அலைந்து கிடைக்காத எனக்கு, அங்கே ஈழத்து இதழ்களின் பழைய பக்கங்கள் திறந்தபோது இரவு போனதே தெரியவில்லை. அதற்கு முன்னரே, 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் இருந்த கு.கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டம் என்ற மின்னூல் முயற்சியைத் தொடங்கியிருந்தார். யூனிகோடு பரவாத அந்த நாளில், பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் சங்க நூல்களையும் பிரபந்தங்களையும் கையாலேயே தட்டச்சு செய்தார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் இருக்கின்றன. அவற்றில் பல படங்களாக இருப்பதால் உள்ளே சொல் தேட முடியாது. விக்கிமூலத்தில் ஆர்வலர்கள் பக்கம் பக்கமாக மெய்ப்புப் பார்த்து அவற்றை எழுத்தாக்கி வருகிறார்கள்.

ஆக, பட்டியல்கள் உண்டு. பிரதிகளும் முன்னைக்கு இன்று எவ்வளவோ உண்டு. இரண்டையும் ஒரே தாளில் எழுதும் வழக்கம்தான் இன்னும் வரவில்லை. சிறந்த நூறு நாவல்கள் என்று பெயர் தருகிற யாரும், அது இப்போது அச்சில் உண்டா, எந்தப் பதிப்பு பிழையில்லாதது, அச்சில் இல்லையென்றால் எந்த நூலகத்தில் இருக்கிறது, மின்வடிவம் எங்கே என்று பக்கத்தில் குறிப்பதில்லை. 'பொன்னியின் செல்வன்' போன்ற நாட்டுடைமை நூலுக்குக் கடையில் பத்துப் பதிப்பு இருக்கும். அவற்றில் எது முழுமையானது என்று வாசகருக்கு யார் சொல்வது? பதிப்பாளர்கள் குறைந்த பிரதிகளே அச்சிடும் இன்றைய நிலையில், இந்த ஆண்டு பரிந்துரைத்த நூல் அடுத்த புத்தகக் காட்சிக்குள் தீர்ந்துவிடுகிறது.

சென்ற மாதம் கல்லூரி மாணவி ஒருத்தி பத்து நூல்களின் பெயர் கேட்டாள். எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொன்றின் எதிரேயும் கிடைக்குமிடம் எழுத உட்கார்ந்தபோது ஐந்துக்குத்தான் எழுத முடிந்தது. மீதி ஐந்தையும் என் அலமாரியிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.