யார் தலையில் ஓடுகிறது வீடு?

மைசூரு குவெம்புநகரில் எங்கள் சமையலறைச் சுவரில் இரண்டு காலண்டர்கள் தொங்குகின்றன. ஒன்று சிவகாசியில் அச்சான தமிழ்த் தினசரிக் காலண்டர். மற்றது கட்டம் கட்டமாக எழுத இடமுள்ள கன்னட மாதக் காலண்டர். இரண்டும் தேவைதான் என்று 2025 ஜூலையில் தெரிந்தது. இங்குள்ள ஆஷாட மாதம் அமாவாசைக் கணக்கு. நம் ஆடி சூரியக் கணக்கு. ஜூன் 27இல் தொடங்கிய ஆஷாட வெள்ளிகள் ஜூலை 18இல் முடிந்தன. அதே 18தான் முதல் ஆடி வெள்ளி. ஆஷாட வெள்ளியில் சாமுண்டி மலைக்குச் சொந்த வண்டியில் போக விடமாட்டார்கள். லலித மஹால் பக்கம் நிறுத்திவிட்டு பஸ் பிடிக்க வேண்டும். அன்றைக்கே மாவிளக்கும் போட வேண்டும், பிள்ளைக்கு டிபன் பாக்ஸும் கட்ட வேண்டும். குடும்பத்தில் எல்லோரும் பகிர்ந்துகொண்டிருந்த கைபேசிக் காலண்டரில் அந்த நாள் காலியாகவே இருந்தது. யாரும் ஏற்றவில்லை.

இதை வைத்துக் கைபேசியைத் தள்ளிவிடுவது நியாயமில்லை. விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போகிறவருக்குச் சமையலறைச் சுவர் எந்த உதவியும் செய்யாது. சுவர் மணி அடித்து நினைவூட்டாது. மாதாமாதம் வரும் தவணையைத் தானாக எழுதிக்கொள்ளாது. ஆனால் கைபேசியைத் திறந்தால்தான் அதில் இருப்பது தெரியும். சுவரில் இருப்பது காபி குடிக்க வந்தவர் கண்ணில் தானாகப் படுகிறது, கைபேசி இல்லாத பாட்டிக்கும் எட்டு வயதுப் பையனுக்கும்கூட. வீட்டுக்குள் சுவரே மேல்.

அதற்காக, சுவரில் எழுதியதும் வேலை முடிந்தது என்று ஆகிவிடாது. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆலிசன் டேமிஞ்சர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டை நடத்தும் மனவேலையை நான்காகப் பிரித்தார்: வரப்போவதை முன்கூட்டி யோசிப்பது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கவனிப்பது. அவர் பேசிய தம்பதிகளில் முடிவெடுப்பதை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். முதல் வேலையும் கடைசி வேலையும் பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுந்தன. எந்தக் காலண்டராக இருந்தாலும் அது முடிவான பிறகு எழுதும் இடம்தான். நம் நாட்டின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதில் நாளொன்றுக்கு 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88. குழம்பைக் கிளறிக்கொண்டே நாளைய ஃபீஸை நினைப்பது இந்த 289க்குள் தனியாகத் தெரிவதில்லை. ஆகவே என் அளவுகோல் ஒன்றுதான்: ஓர் ஏற்பாடு வந்த பிறகு, "அம்மா, என் ஐடி கார்டு எங்கே?" என்ற கேள்வி குறைந்ததா?

பொருள்களுக்கும் இதே அளவுகோல்தான். ஜப்பானின் மாரி கொண்டோ எழுதிய புத்தகத்தின் வழி, ஒரு வகைப் பொருளையெல்லாம் குவித்து, மகிழ்ச்சி தருவதை மட்டும் வைத்துக்கொள்வது. துணி அலமாரியில் செய்து பார்த்தேன், பலன் உண்டு. கொலுப் பெட்டியிடம் அந்த வழி பலிக்கவில்லை. அதிலிருக்கும் பொம்மைகள் மூன்று தலைமுறையின் பொருள். என் மகிழ்ச்சியைக் கேட்டு அவற்றைக் கழிக்க எனக்கு உரிமையில்லை. அங்கே உதவியது மாமியார் மூடியின் உட்புறம் ஒட்டிவைத்த தாள். படிவாரியாகப் பொம்மைகள், எது எந்தத் துணியில், "வாமனர் குடை தனிப் பொட்டலம்", "பட்டத கொம்பெ (ராஜா ராணி ஜோடி) மேல் தட்டு, அந்துருண்டை கூடாது". அவர் ஊரில் இல்லாத ஒரு தசராவில், ஒரு போன்கூடப் போடாமல் கொலு வைத்தோம். இத்தனை ஏற்பாடுகளில் என் அளவுகோலில் முழுதாகத் தேறியது அந்தத் தாள்தான். அவர் நினைவில் இருந்ததை அது எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டது.

என் தீர்ப்பு: வீட்டுக்குச் சுவர்க் காலண்டர், வெளியூர் போகிறவருக்குத் துணையாகக் கைபேசி, பெட்டிதோறும் மூடியில் தாள். இவற்றோடு ஒரு நிபந்தனையும் வேண்டும். ஒரு பொறுப்பை எடுத்தவரே அதை யோசிக்கவும் எழுதவும் முடிந்ததா என்று பார்க்கவும் வேண்டும். எழுதுவது ஒருவர், ஞாபகப்படுத்துவது இன்னொருவர் என்றால் பாரம் இடம் மாறவே இல்லை. எங்கள் வீட்டில் பள்ளிக் கட்டணத்தை முழுதாகக் கணவர் எடுத்துக்கொண்டார். முதல் தவணையைத் தவறவிட்டார். கடைசித் தேதி எனக்குத் தெரிந்திருந்தும் வாயைத் திறக்கவில்லை. மிகவும் கஷ்டமாக இருந்தது. அபராதம் கட்டினோம். அடுத்த தவணைக்கு ஒரு வாரம் முந்தைய கட்டத்தில் அவர் கையெழுத்தில், சிவப்பு மையில், "ஃபீஸ்" என்று இருக்கிறது.