ஒரு மூச்சுக் கதை

தன்மை நிலையில் கதை எழுதுகிறவனுக்கு ஒரு நிர்ப்பந்தம் உண்டு. 'நான்' பார்க்காததை அவன் எழுதக் கூடாது. 'நான் தனியாக இருந்தேன்' என்று சொல்லிவிட்டால், அந்த அறையில் வேறொருவர் இருமக் கூடாது. 2020-ல் வெளிவந்து, 2021-ல் சிறந்த டாக்குமெண்டரிக்கான ஆஸ்கார் பரிசைப் பெற்ற 'மை ஆக்டோபஸ் டீச்சர்' என்ற படத்தை இந்த அளவுகோலை வைத்துப் பார்க்க விரும்புகிறேன். படம் முழுவதும் ஒரு மனிதர் தம் கதையைத் தாமே சொல்வதால், அது நாவலாசிரியனின் எல்லைக்குள் வந்துவிடுகிறது.

அந்த மனிதர் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த கிரேக் ஃபாஸ்டர். படப்பிடிப்புத் தொழிலில் களைத்து, மனம் சோர்ந்து, சிறு வயதில் விளையாடிய கேப் கடலிலேயே ஆறுதல் தேடுகிறார். கரையிலிருந்து இறங்கி நாள்தோறும் முங்குகிறார். அங்கே ஓர் ஆக்டோபஸ் - நம் மீனவர்கள் பேய்க்கணவாய் என்கிறார்களே, அந்த ஜந்து - அவருக்குப் பழக்கமாகிறது. அது வேட்டையாடுவதையும், வேட்டையாடப்படுவதையும், முட்டையிட்டு மடிவதையும் ஏறக்குறைய ஒரு வருஷம் கூடவே இருந்து பார்க்கிறார். கதை இவ்வளவுதான்.

ஆனால் கதை நடக்கும் இடம் சாமானியமானதல்ல. கெல்ப் என்னும் பெருங்கடற்பாசி பாறையைப் பற்றிக்கொண்டு மேலெழுந்து, நீர்மட்டத்தில் இலை விரித்து நிற்கும் காடு அது. தண்ணீரின் குளிர் சில நாட்களில் எட்டு, ஒன்பது டிகிரிக்கு இறங்கிவிடும். இத்தகைய கடலில் கரையிலிருந்து இறங்குவதன் சிரமத்தை அறிய வேண்டுமானால், கலிபோர்னியாவில் கார்மெல் ஊரை அடுத்த மோனாஸ்டரி பீச்சைப் பற்றிக் கேட்க வேண்டும். அங்கேயும் கெல்ப் காடுதான். பருமணல் கரை செங்குத்தாகச் சரிகிறது. அலை வந்து காலடியிலேயே உடைகிறது. முதுகில் காற்று உருளை, உடம்பில் தடித்த ரப்பர் உடை, அந்த உடை மிதக்காதிருக்க இடுப்பில் ஈயக் குண்டு. இவ்வளவையும் சுமந்து அலைகளை எண்ணி இறங்க வேண்டும். திரும்பும்போது மூச்சுக் குழாயை வாயிலிருந்து எடுக்காமல், கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ்ந்தே கரையேறுகிறார்கள். பலரைப் பலி கொண்ட அந்தத் துறைக்கு 'மார்ச்சுவரி பீச்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

ஃபாஸ்டர் இந்தச் சுமைகளையெல்லாம் விட்டுவிடுகிறார். ரப்பர் உடை இல்லை, காற்று உருளையும் இல்லை. 1943-ல் கூஸ்தோவும் காஞானும் அமைத்துக் கொடுத்த கருவியை வேண்டாமென்று தள்ளி, ஒரே மூச்சில் இறங்குகிறார். இதை வெறும் வீம்பு என்று நான் கருதவில்லை. கதைக்கு இதனால் ஒரு வடிவம் கிடைக்கிறது. ஒவ்வொரு சந்திப்பும் ஒரு மூச்சின் நீளம்தான். பாதியில் விட்டுவிட்டு மேலே போகவேண்டும். திரும்பி வரும்போது அது இருக்குமோ, இராதோ! படத்தில் நான் கண்ட உண்மையான தவிப்பு இதுவே. சுறா அதன் ஒரு கையைக் கடித்துப் பிய்த்தபோதும், அவர் குறுக்கிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். கை மறுபடி முளைப்பதையும் பொறுமையாகக் காட்டுகிறார்கள். இன்னொரு சமயம் அது சிப்பிகளை அள்ளிப் போர்த்திக்கொண்டு, கடைசியில் சுறாவின் முதுகிலேயே ஏறிக்கொள்கிறதே, அந்தச் சாமர்த்தியத்தைக் கற்பனை செய்து எழுத எனக்குத் துணிவு வராது.

குறை எங்கே என்றால், அந்த இருமல் கேட்கிறது. தனிமை, தனிமை என்று குரல் சொல்கிறது. திரையிலோ அந்தத் தனி மனிதரும் ஆக்டோபஸும் சேர்ந்தே தெரிகிறார்கள். அப்படியானால் காமிராவைப் பிடித்தவர் யார்? ரோஜர் ஹோராக்ஸ் என்ற ஒளிப்பதிவாளரின் பெயர் படத்தின் பட்டியலில் இருக்கிறது, கதையில் இல்லை. உடன் இருந்தவரை ஒரு வார்த்தையில் சொல்லியிருந்தால் குடி முழுகிப் போயிராது. சொல்லாமல் விட்டதால், மற்ற இடங்களிலும் நாம் சந்தேகத்தோடு பார்க்க நேர்கிறது.

அது கையை நீட்டி அவர் விரலைத் தொடும் கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்டோபஸின் உறிஞ்சிகளுக்குத் தொட்ட பொருளின் ருசியை அறியும் சக்தி உண்டு. அந்தத் தொடுகை சிநேகமா, இல்லை, 'இது தின்னத் தக்கதா?' என்ற விசாரணையா? இந்தக் கேள்வியை நம்மிடம் விட்டிருந்தால் காட்சி இன்னும் ஆழமாயிருக்கும். பின்னணிச் சங்கீதமோ முந்திக்கொண்டு நம் கண்ணீரைக் கேட்கிறது. டைரக்டர்கள் பிப்பா எர்லிக்கும் ஜேம்ஸ் ரீடும் ரசிகனை இன்னும் கொஞ்சம் நம்பியிருக்கலாம்.

'டீச்சர்' என்று பெயர் வைத்துவிட்டு, மாணவரே படம் நெடுகப் பேசிக்கொண்டிருப்பதும் எனக்கு உவப்பாயில்லை. இருந்தாலும் பாருங்கள் என்றே சொல்வேன். ஒரே இடத்துக்கு, ஒரே குளிருக்கு, தினந்தோறும் திரும்பிப் போய்ப் பார்ப்பவனுக்குத்தான் ஓர் உயிரின் கதை கிடைக்கும் என்பதை இந்தப் படம் மெய்ப்பிக்கிறது. எழுதுகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய பாடம் வேறென்ன இருக்கிறது?